கிரியாட்டினின் 1.7: முதிய பூனையின் சிறுநீரகத்தை ரத்தம் எவ்வளவு காட்டும்?

சித்தையன்கோட்டை, ஆத்தூர், சின்னாளபட்டி பக்கம் நெல் சேர்த்துவைக்கும் வீடுகளில் பூனை வளர்ப்பது புதிதல்ல. எலிக்காக வந்த பூனை வீட்டில் ஒன்றாகிவிடும். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, ஒரு கோடையில் மெலியத் தொடங்கும். "வயசாயிருச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்பதோடு பேச்சு முடிந்த காலம் ஒன்று உண்டு. இப்போது பலர் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ தூக்கிக்கொண்டு போய் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள்.

கையில் வரும் தாளில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: வயது 13, எடை 3.1 கிலோ, ரத்த யூரியா 68, கிரியாட்டினின் 1.7. இரண்டுக்கும் எதிரே 'அதிகம்' என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது. ஒரு மருத்துவர் இதைப் பார்த்து "பயப்பட ஒன்றுமில்லை" என்று சொல்லலாம். இன்னொருவர் "நாள்பட்ட சிறுநீரக நோய், இரண்டாம் நிலை" என்று எழுதலாம். மூன்றாமவர் "இதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது" என்று திருப்பி அனுப்பலாம். மூவருமே படித்தவர்கள், மூவருக்கும் ஆதாரம் உண்டு. ஒரே தாள் மூன்று விதமாகப் படிக்கப்படுவது ஏன், எந்த வாசிப்பு எங்கிருந்து வந்தது, எது எங்கே தடுமாறுகிறது என்பதைப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேள்வியின் வயது

சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் கழிவு தேங்கும் என்ற எண்ணம் ஏறத்தாழ 200 ஆண்டு பழையது. லண்டன் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் 1827-ல் வெளியிட்ட நோயாளிக் குறிப்புகள், உடல் வீக்கம், புரதம் கலந்த சிறுநீர், சுருங்கிய சிறுநீரகம் ஆகிய மூன்றையும் ஒரே நோயாக இணைத்தன. அடுத்த சில ஆண்டுகளிலேயே அப்படிப்பட்டவர்களின் ரத்தத்தில் யூரியா கூடுவதும் கவனிக்கப்பட்டது. 1886-ல் மாக்ஸ் யாஃபே, காரம் கலந்த பிக்ரிக் அமிலத்தோடு கிரியாட்டினின் சேர்ந்தால் செம்மஞ்சள் நிறம் வருவதைக் கண்டார். நம் ஊர்களின் பல ஆய்வகங்களில் இன்றும் ஓடுவது அந்த நிற வினையின் வழித்தோன்றல்தான். 1926-ல் கோபன்ஹேகனில் ரெபெர்க், சிறுநீரகம் ஒரு நிமிடத்தில் எவ்வளவு ரத்தநீரை வடிகட்டுகிறது என்று கணக்கிட கிரியாட்டினினைப் பயன்படுத்தினார்.

இவை எல்லாம் மனிதர்களுக்காக எழுந்தவை. பூனைக்கு வந்தவை கடன் வாங்கியவை. பூனைக்கென்று பொது ஒழுங்கு உருவாகப் பல பத்தாண்டுகள் ஆயின. 1998-ல் வியன்னாவில் நடந்த ஐரோப்பியக் கால்நடை உள்மருத்துவ மாநாட்டில் 'ஐரிஸ்' என்ற சர்வதேசச் சிறுநீரகக் குழு அமைந்தது. பூனை, நாய் சிறுநீரக நோயை நான்கு நிலைகளாகப் பிரிக்கும் அதன் அட்டவணையே இன்று உலகெங்கும் கால்நடை மருத்துவர்கள் பேசும் பொதுமொழி.

தாளிலேயே இருக்கும் இரண்டு பொறிகள்

எந்தக் கோட்பாட்டுக்கும் போகுமுன் அறிக்கையைச் சரியாகப் படிக்க வேண்டும். சிறு ஊர்களில் நிறையத் தவறு நடப்பது இங்கேதான் என்பதால், இதற்குச் சற்று இடம் கொடுப்பது நியாயம்.

பூனை ரத்தம் பெரும்பாலும் மனித ரத்தம் பார்க்கும் ஆய்வகத்துக்கே போகிறது. கருவியில் பிழை இல்லை; கிரியாட்டினின் மனிதனுடையதானாலும் பூனையுடையதானாலும் அதே பொருள்தான். ஆனால் எதிரே அச்சாகும் இயல்பு வரம்பு மனிதனுக்கானது. மனிதனுக்கு 1.2-க்கு மேல் போனால் கருவி 'அதிகம்' என்று குறிக்கும். நல்ல உடற்கட்டுள்ள பூனைக்கு 1.4, 1.5 என்பது சாதாரணம். பூனைக்கென்று வரம்பு வைத்திருக்கும் ஆய்வகங்கள் சில 2.4 வரையில்கூட இயல்பு என்கின்றன. ஆகவே மனித ஆய்வகத் தாளில் உள்ள தடித்த எழுத்துக்குப் பூனை விஷயத்தில் பொருள் ஏதுமில்லை. எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது யூரியா. அமெரிக்கப் புத்தகங்களும் அட்டவணைகளும் யூரியாவைச் சொல்வதில்லை. யூரியாவில் இருக்கும் நைட்ரஜனின் எடையைச் சொல்கின்றன. இந்திய ஆய்வகங்கள் பெரும்பாலும் முழு யூரியாவைத் தருகின்றன. இரண்டுக்கும் இடையே 2.14 மடங்கு வித்தியாசம். நம் எடுத்துக்காட்டில் உள்ள 68-ஐ 2.14-ஆல் வகுத்தால் யூரியா நைட்ரஜன் சுமார் 32. பூனைக்கு வழக்கமாகச் சொல்லும் வரம்பு ஏறத்தாழ 16 முதல் 36 வரை. அதாவது மனித வரம்பின்படி மிக அதிகமாகத் தெரியும் எண், பூனை வரம்பின்படி இயல்புக்குள் நிற்கிறது. வகுக்காமல் 68-ஐ நேராக அமெரிக்க அட்டவணையில் வைத்துப் பார்த்துக் கலங்குபவர்கள் உண்டு. கலக்கத்தோடு நின்றாலும் பரவாயில்லை; அந்த எண்ணை நம்பித் தேவையில்லாத சிகிச்சை தொடங்குவதே ஆபத்து.

யூரியா தன்னளவிலும் நம்பகமான சாட்சி அல்ல. ரத்தம் எடுக்குமுன் பூனை வயிறு முட்ட மீன் தின்றிருந்தால் ஏறும். குடலில் ரத்தம் கசிந்தாலும் ஏறும். உடலில் நீர் வற்றினாலும் ஏறும். சித்திரை, வைகாசி வெயிலில் இரண்டு நாள் உண்ணாமல் கிடந்த பூனையின் யூரியா உயர்ந்திருந்தால், அது சிறுநீரகத்தின் குறையா, தண்ணீரின் குறையா என்று அந்த எண்ணால் சொல்ல இயலாது. ஆண் பூனைக்குச் சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டாலும் யூரியா, கிரியாட்டினின் இரண்டும் எகிறும். அது மணிக்கணக்கில் பார்க்க வேண்டிய அவசரம். நாள்பட்ட நோயோடு அதைக் குழப்பக் கூடாது.

கிரியாட்டினினை நம்புவோர்

முதல் நிலைப்பாடு பழையது, எளியது: கிரியாட்டினின் பார்த்தால் போதும். இதற்கு வலுவான காரணம் உண்டு. கிரியாட்டினின் தசையிலிருந்து ஏறத்தாழச் சீராக ரத்தத்துக்கு வருகிறது. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றுகிறது. சோதனை மலிவு, எந்த ஊரிலும் கிடைக்கும், அன்றே முடிவு வரும்.

கண்மாய்க்கு ஒரே சீராகத் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போது மடை பாதி அடைபட்டால் என்ன ஆகும்? நீர்மட்டம் ஏறும். ஏறிய அழுத்தத்தால் பழைய அளவு நீரே மறுபடி வெளியேறத் தொடங்கும். மட்டம் அந்தப் புதிய உயரத்தில் நின்றுவிடும். ரத்தத்தில் நடப்பதும் இதுவே. வடிகட்டும் திறன் பாதியானால் கிரியாட்டினின் இரட்டிப்பாகிறது. மீதியும் பாதியானால் மறுபடி இரட்டிப்பாகிறது.

இந்தக் கணக்கில்தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது. இளமையில் 0.8 இருந்த பூனைக்குப் பாதித் திறன் போனால் 1.6 ஆகும். முக்கால் பங்கு போனால் 3.2. முதல் பாதியை இழக்கும்போது எண் 0.8 மட்டுமே ஏறியது. அடுத்த கால் பங்கை இழக்கும்போது அதைப்போல் இரு மடங்கு ஏறியது. எனவே நோயின் நீண்ட முதல் பகுதி முழுவதும் இயல்பு வரம்புக்குள்ளேயே மறைந்து கிடக்கும். "75 சதவீதம் கெட்ட பிறகே கிரியாட்டினின் காட்டும்" என்று மருத்துவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் விதி இதிலிருந்தே வந்தது.

அந்த விதியும் முழு உண்மையாகத் தெரியவில்லை. இயல்பின் மேல்வரம்பை 2.4 என்று வைத்தால், 0.6-ல் தொடங்கிய பூனை முக்கால் பங்கு இழந்த பிறகே அதைத் தொடும். 1.6-ல் தொடங்கிய பெரிய கடுவன், மூன்றில் ஒரு பங்கு இழந்ததுமே தொட்டுவிடும். வரம்பை 1.6 ஆகக் குறைத்தால் கணக்கு முழுவதும் மாறும். ஆக, 75 என்பது சிறுநீரகத்தின் இயற்கை விதி என்பதைவிட, பூனை எங்கே தொடங்கியது, ஆய்வகம் எங்கே கோடு போட்டது என்ற இரண்டின் விளைவு என்பதே பொருத்தம்.

இன்னொரு பலவீனம் முதிய பூனைக்கே உரியது. வயதாக ஆகத் தசை கரைகிறது. கண்மாய்க்கு வரத்தே குறைந்தால் மடை அடைபட்டிருந்தும் மட்டம் ஏறாது. எலும்பு தெரிய மெலிந்த பூனையின் 1.7, கொழுகொழுவென்று இருக்கும் பூனையின் 1.7-ஐவிடக் கவலைக்குரியது. தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்யும் நோய் முதிய பூனைகளில் வருவதுண்டு. அது தசையையும் கரைக்கும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தையும் கூட்டும். இரண்டுமே கிரியாட்டினினைத் தாழ்த்திக் காட்டும். தைராய்டைச் சரிசெய்த பிறகு, அதுவரை மறைந்திருந்த சிறுநீரக நோய் வெளியே வருவது மருத்துவர்கள் நன்கு அறிந்த நிகழ்வு.

எஸ்டிஎம்ஏ வந்த பிறகு

இரண்டாவது நிலைப்பாடு, தசையைச் சாராத அளவுகோல் வேண்டும் என்பது. சமச்சீர் டைமெத்தில் ஆர்ஜினின், சுருக்கமாக எஸ்டிஎம்ஏ, உடலின் எல்லாச் செல்களிலும் புரதங்கள் சிதையும்போது வெளிவரும் பொருள். பெரும்பகுதி சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகிறது. ஐடெக்ஸ் நிறுவனம் 2015-ல் இதைக் கால்நடை மருத்துவத்தில் வழக்கமான சோதனையாகக் கொண்டுவந்தது. ஆதரவாளர்கள் அதிகம் மேற்கோள் காட்டுவது 2014-ல் வெளியான ஓர் ஆய்வு. அதில் சிறுநீரக நோய் வந்த 21 பூனைகளில் 17-ல், கிரியாட்டினினுக்கு முன்பே எஸ்டிஎம்ஏ உயர்ந்தது. சராசரி இடைவெளி 17 மாதம். குறைந்தது ஒன்றரை மாதம், அதிகம் 48 மாதம்.

மறுப்பவர்கள் சொல்வதையும் எடைபோட வேண்டும். ஆய்வில் இருந்த பூனைகள் குறைவு. சோதனையை விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் அதில் பங்கேற்றனர். இதனாலேயே முடிவு பொய் என்றாகாது. ஆனால் தனித்த குழுக்கள் சரிபார்க்க வேண்டியது அவசியமாகிறது. கிரியாட்டினினுக்கு அந்த ஆய்வு வைத்த வரம்பு ஐரிஸின் 1.6-ஐவிட உயர்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கோட்டைத் தாழ்த்தியிருந்தால் 17 மாத இடைவெளியில் ஒரு பகுதி கரைந்திருக்கக்கூடும். கண்மாய்க் கணக்கு எஸ்டிஎம்ஏவுக்கும் பொருந்தும். அதுவும் மெல்ல ஏறிப் பிறகு வேகமாக ஏறும் பொருள்தான். சில இனப் பூனைகளில் நோயின்றியே உயர்ந்திருக்கும். பர்மன் இனம் அதற்குச் சான்று. ஒரே பூனையில் வாரத்துக்கு வாரம் ஊசலாடவும் செய்கிறது.

என் மதிப்பீட்டில் எஸ்டிஎம்ஏவின் உண்மையான பயன் மெலிந்த பூனையிடம்தான். கிரியாட்டினின் ஏமாற்றும் இடத்தில் அது ஏமாறுவதில்லை. நல்ல தசையுள்ள பூனைக்குக் கூடுதலாக அது என்ன சொல்கிறது என்பது அவ்வளவு தெளிவாக இல்லை. மாதிரியை வெளியூருக்கு அனுப்பிப் பணமும் நாளும் செலவழிக்க வேண்டிய சிறு ஊரில் இந்த வேறுபாடு முக்கியம்.

நிலைகளும், மறந்துபோகும் சிறுநீரும்

ஐரிஸ் அட்டவணை இரண்டு கட்சியையும் ஒன்றாக வைக்கிறது. பூனையின் கிரியாட்டினின் 1.6-க்குக் கீழே முதல் நிலை, 1.6 முதல் 2.8 வரை இரண்டாம் நிலை, 2.9 முதல் 5.0 வரை மூன்றாம் நிலை. அதற்கு மேல் நான்காம் நிலை. எஸ்டிஎம்ஏவுக்கான எல்லைகள் முறையே 18, 25, 38. இரண்டும் வேறு வேறு நிலையைக் காட்டினால், மறு சோதனையிலும் அப்படியே இருக்கும்பட்சத்தில், உயர்ந்த நிலையை எடுத்துக்கொள்ளலாம் என்பது பரிந்துரை.

எடுத்துக்காட்டில் உள்ள 1.7 இப்போது இரண்டாம் நிலையில் விழுகிறது. ஆய்வகத்தின் 2.4 வரம்பில் இயல்பு, ஐரிஸ் அட்டவணையில் நோய். ஒரே தாளுக்கு இரண்டு தீர்ப்பு வருவது இதனால்தான். முரண்பாடு உண்மையில் மேலோட்டமானது. அட்டவணை, நோய் இருக்கிறதென்று வேறு சான்றுகளால் தெரிந்துகொண்ட பூனையை வகைப்படுத்த வந்தது. நோய் உண்டா இல்லையா என்று தீர்மானிக்க வந்ததல்ல. நீர்ச்சத்து சரியாக உள்ள பூனையிடம், வெறும் வயிற்றில், இடைவெளி விட்டு இருமுறை பார்த்து, எண் நிலையாக இருந்த பிறகே நிலை குறிக்க வேண்டும் என்று ஐரிஸே வலியுறுத்துகிறது. நடைமுறையில் இந்த நிபந்தனைகள் உதிர்ந்து எண் மட்டும் மிஞ்சுகிறது.

அந்த வேறு சான்றுகளில் முதன்மையானது சிறுநீரின் அடர்த்தி. பாலை நில விலங்கின் வழிவந்த பூனை, சிறுநீரை மிக அடர்த்தியாக்கக் கூடியது. ஒளிவிலகல்மானியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் 1.035-க்கு மேல் இருப்பது எதிர்பார்ப்பு. கிரியாட்டினின் உயர்ந்து, உடல் வற்றியிருந்தும் சிறுநீர் 1.015 என்று நீர்த்திருந்தால் குறை சிறுநீரகத்தில்தான் என்ற சந்தேகம் வலுக்கும். அடர்த்தி 1.050 இருந்தால் முதலில் தண்ணீர்க் குறைவை நினைக்க வேண்டும். நோயுள்ள பூனைகள் சில அடர்த்தியாக்கும் திறனை நெடுநாள் தக்கவைத்துக்கொள்கின்றன என்பதால் இதுவும் முடிந்த முடிவல்ல.

இந்தச் சோதனைக்கு ஒரு நேரம் உண்டு. சோர்ந்து வரும் பூனைக்கு முதல் வேலையாக ஆர்.எல். டிரிப் ஏற்றுவது வழக்கம். ஏற்றிய பிறகு எடுத்த சிறுநீர் எந்தப் பூனைக்கும் நீர்த்தே இருக்கும், சாட்சி கலைந்துவிடும். டிரிப்புக்கு முன் சில துளி எடுத்துவைப்பதற்குச் செலவு அநேகமாக எதுவுமில்லை.

சிறுநீரில் புரதம், ரத்த அழுத்தம் இரண்டையும் ஐரிஸ் துணை அளவுகளாக வைத்திருக்கிறது. புரதத்துக்கும் கிரியாட்டினினுக்குமான விகிதம் 0.4-க்கு மேல் போனால் நோயின் போக்கு பொதுவாக மோசம். ரத்த அழுத்தம் 160-ஐத் தாண்டினால் கண், மூளை, இதயம் பாதிக்கப்படும் ஆபத்து கூடும். நேற்றுவரை சுவர் ஏறிய முதிய பூனை திடீரென்று கண்மணி விரிந்து, வழி தெரியாமல் மேசையில் முட்டிக்கொள்வது, உயர் அழுத்தத்தால் விழித்திரை பிரிந்ததன் அடையாளமாக இருக்கலாம். இதற்கான ஆம்லோடிபின் மாத்திரை எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் மனித மருந்துதான். ஆனாலும் அழுத்தத்தை அளந்து, பூனைக்குரிய சிறு அளவை மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது.

ஓர் எண்ணா, எண்களின் வரிசையா

மூன்றாவது நிலைப்பாடு எந்தப் பொருளை அளப்பது என்பதைவிட, எத்தனை முறை அளப்பது என்பதை முக்கியமாக்குகிறது. ஆயிரம் பூனைகளின் சராசரியோடு ஒரு பூனையை ஒப்பிடாமல், அதே பூனையின் நேற்றோடு இன்றை ஒப்பிடச் சொல்கிறது. எட்டு வயதில் 0.9, பத்து வயதில் 1.2, பதின்மூன்றில் 1.7 என்று வந்திருந்தால், எந்த வரம்புக்குள் இருந்தாலும் பாதித் திறனைத் தொலைத்த பூனை அது. எட்டு வயதிலும் 1.6 இருந்து இன்றும் 1.7 என்றால் அநேகமாக அது அந்தப் பூனையின் இயல்பு. ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில் பார்த்திருக்க வேண்டும் என்பது இதன் நிபந்தனை. ஆய்வகம் மாறினால் யாஃபே முறையும் நொதி முறையும் வேறு வேறு எண் தரலாம். கருவியின் சிறு ஊசலாட்டத்தை நோயென்று நினைத்துவிடாத நிதானமும் வேண்டும்.

இதன் பலவீனம் வெளிப்படை. எட்டு வயதில் ஆரோக்கியமாக இருந்த பூனைக்கு யார் ரத்தம் எடுத்தார்கள்? சிறு ஊர்களில் பெரும்பாலும் நோய் வந்த பிறகே முதல் தாள் வருகிறது. ஒப்பிட முந்தைய தாள் இல்லை.

அந்த இடத்தை ஓரளவு நிரப்பக் கூடியது எடை. 2016-ல் வெளியான, 569 பூனைகளின் பதிவுகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று, நோய் கண்டறியப்படுவதற்கு மூன்று ஆண்டு முன்பே எடை குறையத் தொடங்குவதைக் காட்டியது. கண்டறிவதற்கு முந்தைய 12 மாதத்தில் மட்டும் இழப்பின் இடைநிலை 8.9 சதவீதம். 3.4 கிலோ பூனை 3.1 ஆவது ஏறத்தாழ அந்த அளவு. தூக்கிப் பார்க்கும் கைக்கு இந்த 300 கிராம் தெரியாது. குளியலறைத் தராசில் பூனையோடு ஏறி நின்று கழித்துப் பார்ப்பதிலும் பிழை அதிகம். மளிகைக் கடை மின்தராசில் கூடையோடு வைத்தால் துல்லியமாகத் தெரிந்துவிடும்.

மேற்கத்திய வழிகாட்டிகள், பூனை எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது, மண்தட்டில் எவ்வளவு சிறுநீர் கழிக்கிறது என்று கவனிக்கச் சொல்கின்றன. வீட்டுக்குள்ளேயே அடைந்து வாழும் பூனைக்கு அது சரி. நம் ஊர்ப் பூனை தொட்டியிலும் வாய்க்காலிலும் குடித்துவிட்டு, வயலோரம் போய்க் கழித்துவிட்டு வருகிறது. அதிக தாகம், அதிக சிறுநீர் என்ற முதல் அறிகுறிகள் வீட்டார் கண்ணில் படுவதில்லை. அவர்களுடைய கவனக்குறைவு என்று இதைச் சொல்லிவிடக் கூடாது, வாழ்முறையே அப்படி. இதனாலும் எடைக்கு நம் ஊரில் கூடுதல் மதிப்பு.

ஏன் கெடுகிறது என்பதற்கான விடைகள்

காரணம் பற்றிய கருத்துகள் பல. எதுவும் முழுமை பெறவில்லை. சாதாரணமாகக் காண்பது சிறுநீரகக் குழல்களுக்கிடையே நாள்பட்ட அழற்சியும் தழும்பும். அந்தத் தழும்பைப் பார்த்து முதல் அடி எங்கே விழுந்தது என்று சொல்ல இயலாது. 2012-ல் ஹாங்காங்கில் பூனை மார்பிலி வைரஸ் கண்டறியப்பட்டு, சிறுநீரக அழற்சியோடு இணைத்துப் பேசப்பட்டது. பிறகு ஆரோக்கியமான பூனைகளிலும் அது காணப்பட்டதால் தொடர்பு உறுதிப்படவில்லை. 2016-ல் வந்த ஆய்வொன்று கடுமையான பல்நோயையும் அடிக்கடி தடுப்பூசி போடுவதையும் ஆபத்துக் காரணிகளாகக் குறித்தது. இது உடன்நிகழ்வைக் காட்டுகிறது, காரணத்தை அல்ல. தடுப்பூசியே போடாத பூனைகள் நிறைந்த ஊரில் இதைப் படித்துவிட்டு ஊசியைத் தவிர்ப்பது பெரும் தவறாகும். ஜப்பானில் டோரு மியாசாகியின் குழு, ஏஐஎம் என்ற புரதம் பூனைகளில் சரியாக வேலை செய்யாததால்தான் சிறுநீரகக் குழல்களில் சிதைவுகள் தேங்குகின்றன என்று 2016-ல் முன்வைத்த விளக்கம் மிகவும் நம்பிக்கை ஊட்டியது. பரவலான பயன்பாட்டுக்கு முன் அதைச் சுதந்திரமான ஆய்வுகள் உறுதிசெய்ய வேண்டும்.

நம் பக்கத்தில் கருவாடு, உப்புத் தண்ணீர் இரண்டையும் குற்றம் சொல்வார்கள். கருவாட்டுக்கு எதிரான வாதம் பாதி சரி. முள்ளோடு தின்னும் நெத்திலியில் பாஸ்பரஸ் மிகுதி. நோய் வந்த பூனைக்கு அது ஆகாது. கருவாடு தின்றதால் நோய் வந்தது என்பதற்கு மட்டும் திடமான சான்று இல்லை. தண்ணீரின் கடினத்தன்மை பற்றியும் அப்படியே.

சான்று உறுதியாக உள்ளவை திடீர்ப் பாதிப்புகள். கல்யாண மேடைப் பூச்செண்டில் வரும் லிலியம் மலரின் இதழோ மகரந்தமோ பூனைக்குச் சில நாளில் சிறுநீரகத்தை முடித்துவிடும். ஜென்டாமைசின், அமிகாசின் ஊசிகளும் மெலாக்சிகாம் போன்ற வலி மருந்துகளும், ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகத்தை, அதிலும் உடல் வற்றிய நேரத்தில், தள்ளிவிடக் கூடியவை. காய்ச்சலோடு வந்த முதிய பூனைக்கு ஊசி போடுமுன் கிரியாட்டினின் பார்க்கச் சொல்வது இதற்காகவே.

தெரிந்துகொண்டு என்ன பயன்?

ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பூனை அதிக நாள் வாழுமா என்பதுதான் எல்லா வாதங்களுக்கும் அடியில் கிடக்கும் கேள்வி. சிறுநீரக உணவுக்கான சான்று நோயின் நடு நிலைகளில் ஓரளவு வலுவானது. 2000-ல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வில், பாஸ்பரஸும் புரதமும் குறைத்த உணவு தின்ற பூனைகளின் இடைநிலை வாழ்நாள் 633 நாள்; தின்னாதவற்றுக்கு 264 நாள். அந்த உணவை ஏற்க மறுத்த பூனைகளே ஒப்பீட்டுக் குழுவாயின என்பதால் வித்தியாசம் முழுவதையும் உணவின் கணக்கில் எழுத முடியாது. 2006-ல் அமெரிக்காவில் சீட்டுக் குலுக்கி 45 பூனைகளைப் பிரித்து நடத்திய ஆய்வு இன்னும் உறுதியானது. இரண்டு ஆண்டில், சாதாரண உணவுக் குழுவில் 26 சதவீதப் பூனைகளுக்கு, ரத்தத்தில் கழிவு தேங்கும் நஞ்சேற்ற நெருக்கடி வந்தது. சிறுநீரக உணவுக் குழுவில் ஒன்றுக்கும் வரவில்லை. அவை இரண்டாம், மூன்றாம் நிலைப் பூனைகள்.

முதல் நிலைக்கு இதை அப்படியே நீட்டலாமா என்பது வேறு. மிக ஆரம்பத்தில் கடுமையாகப் பாஸ்பரஸைக் குறைத்த சில பூனைகளில் ரத்தக் கால்சியம் ஏறியதைச் சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன. புரதத்தை வெகுவாகக் குறைத்தால் ஏற்கெனவே கரையும் தசை மேலும் கரையும் என்ற கவலையும் நியாயமானது. தின்னாத சிறப்பு உணவைவிடத் தின்னும் சாதாரண உணவு மேல் என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள்.

சிறுநீரக உணவு எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, விலையும் பெரிது. அதனால் ரத்தப் பாஸ்பரஸ் அளவு நம் ஊரில் கூடுதலாக முக்கியமாகிறது. இரண்டாம் நிலையில் 4.6-க்குள் வைத்திருப்பது ஐரிஸின் இலக்கு. முள்ளும் எலும்பும் நீக்கிய கோழிக் கறியும் முட்டையின் வெள்ளைக் கருவும் கருவாட்டையும் மஞ்சள் கருவையும்விடப் பாஸ்பரஸ் குறைந்தவை. போதாவிட்டால் உணவோடு கலக்கும் பாஸ்பரஸ் பிணைப்பிகளை மருத்துவர் எழுதித் தருவார். இந்தச் சோதனையை யூரியாவோடும் கிரியாட்டினினோடும் சேர்த்துக் கேட்பவர்கள் குறைவு, கேட்க வேண்டும். சிறுநெருஞ்சி, மூக்கிரட்டை போன்ற சிறுநீர் பெருக்கிகளைப் பூனைக்குக் கொடுப்பது சரியல்ல. இந்த நோயில் பூனை ஏற்கெனவே தேவைக்கு மேல் சிறுநீராக இழந்துகொண்டிருக்கிறது. பூனையின் கல்லீரல் பல பொருள்களை நம்மைப்போல் கையாள்வதும் இல்லை.

வாழ்நாள் கணக்குகளை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். 2008-ல் வந்த அமெரிக்க ஆய்வு, இரண்டாம் நிலையின் பிற்பகுதிப் பூனைகளுக்கு 1,151 நாள், மூன்றாம் நிலைக்கு 778, நான்காம் நிலைக்கு 103 என்று இடைநிலை வாழ்நாளைத் தந்தது. முன்கூட்டியே கண்டுபிடித்த பூனை, அறிந்த நாளிலிருந்து அதிக நாள் வாழ்ந்ததாகத் தோன்றுவது இயல்பு. கடிகாரத்தை முன்பே தொடங்கியதால் மட்டும் அந்த நீளம் வந்திருக்கலாம். எஸ்டிஎம்ஏ போன்ற ஆரம்பச் சோதனைகளின் பயனை மதிப்பிடும்போது இந்த மாயையைப் பிரித்தெடுப்பது எளிதல்ல.

திறந்தே இருப்பவை

சான்றுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் சில விஷயங்கள் ஓரளவு தீர்ந்தவை என்று சொல்லலாம். ஒரே நாளில் எடுத்த ஒரே எண், அது மிக உயர்ந்ததாக இல்லாதவரை, நோயை உறுதிசெய்யாது. சிறுநீர் அடர்த்தி இல்லாத கிரியாட்டினின் அரைச் செய்தி. மெலிந்த பூனையில் கிரியாட்டினின் குறைத்துக் காட்டும். கையில் இருக்கும் பணம் அளவோடு என்றால், ஒருமுறை விலையுயர்ந்த சோதனை செய்வதைவிட, மூன்று மாத இடைவெளியில் இரண்டு கிரியாட்டினின், ஒரு சிறுநீர் அடர்த்தி, ஒரு பாஸ்பரஸ், மாதாமாதம் எடை என்று செலவழிப்பது அதிகம் சொல்லும் என்பது இக்கட்டுரையின் தேர்வு. எஸ்டிஎம்ஏவை ஒதுக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. வரிசையில் அதன் இடத்தைக் குறிக்கவே.

தீராதவை இரண்டு. முதல் நிலையில் எதைத் தொடங்கினால் போக்கு மாறும் என்பதற்கு இன்னும் நீண்ட, சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வுகள் தேவை. மற்றொன்று நமக்கு மிக நெருக்கமானது. 1.6 என்ற கோடும் 1.035 என்ற கோடும் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பியப் பூனைகளை வைத்துப் போட்டவை. உடல் பருக்காத, வெயிலில் திரியும், சோறும் மீனும் தின்னும் நாட்டுப் பூனையின் தசை அளவு வேறு, நீர் அருந்தும் முறை வேறு. அதன் இயல்பு கிரியாட்டினின் அந்தக் கோட்டுக்கு நன்கு கீழே இருக்குமானால், இங்கே 1.6-க்காகக் காத்திருப்பது தாமதமாகும்.

அதை அறிய அரிய கருவி எதுவும் தேவையில்லை. வேப்பேரி முதல் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி வரை கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கருத்தடை அறுவைக்கு வரும் ஆரோக்கியமான பூனைகளுக்குக் கிரியாட்டினினும் எடையும் சிறுநீர் அடர்த்தியும் ஒன்றாகப் பதிந்து சேர்த்தால் அங்கேயே கணக்கு தொடங்கும். அவை பெரும்பாலும் இளம் பூனைகள் என்பதால், எட்டு வயதுக்கு மேற்பட்டவற்றைத் தனியே தேட வேண்டியிருக்கும்.